விளக்கு வைக்கும் நேரத்துப் படம்

ஐப்பசி 3, ஞாயிறு

சர்க்கரை அளவைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. அதற்காக என் பிள்ளை குணசேகர் இந்த டைரியை வாங்கிக் கொடுத்தான். காலையில் 162. எழுதியாயிற்று. மிச்சப் பக்கம் முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. வீணாக்க மனசு வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆறாவதுக்கு அனுப்பாதது என் பெரியப்பா. அவர் செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் நான் அவரை மன்னிக்கவில்லை.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மருமகள் சசிரேகா கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியை சித்திரையில் மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடுவாள் என்று பார்த்தால், ஆசைக்கு வாங்கி வைத்திருந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். காதுகுத்து, வளைகாப்பு என்று படம் எடுத்தாள். அதுகூடப் பரவாயில்லை, போன இடத்தில் சோறாவது போடுவார்கள். இப்போது கிண்டிப் பக்கம் புதிதாக ஒரு ஆஸ்பத்திரி வருகிறதாம். உள்ளே நுழைந்ததும் இருக்கிற பெரிய சுவர் முழுக்க, விளக்கெல்லாம் எரிகிற மாதிரி மெட்ராஸ் படம் ஒன்று வேண்டுமாம். மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார்கள், அதில் இவளும் ஒருத்தி. கார்த்திகை பிறப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும். மூன்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்துக்கொள்ளாவிட்டால் ஓசூர். அங்கே ஒரு தொழிற்சாலையில் இவளுடைய அண்ணன் கணக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறான். வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இங்கே. சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

"இதுவும் ஒத்து வரலன்னா கேமராவ மூட்ட கட்டி வெச்சிட்டு ஓசூர் கெளம்பிடறேன் அத்தை. அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"போயேன். யாரு வேணாம்னு கைய புடிச்சா?" என்றேன்.

போகட்டும். பேத்தி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், பிள்ளை ஷிப்டு ஷிப்டாக வேலைக்குப் போகிறான், இவளும் போகட்டும். எனக்குச் சமைக்கத் தெரியாதா என்ன? என்னைக் கேட்காமல் என் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து நேராக வந்து காலில் விழுந்தவள்தானே. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது கறுப்புக் கரை போட்ட புடவை. கல்யாண நாளில் கறுப்பு. இருபத்தோரு வருஷம் ஆகிறது. நான் மறக்கவில்லை.


ஐப்பசி 6, புதன்

171. நேற்று சாப்பிட்ட அதிரசம் காரணம் இல்லை. அது பாதிதான்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் மருமகள் இல்லை. கேமராவோடு மொட்டைமாடியில் இருக்கிறாள். நேற்றும் இப்படித்தான். கேட்டுவிட வேண்டும் என்று லிப்டில் ஏறினேன். எங்களுடையது சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய ஒன்பது மாடிக் கட்டடம். நாங்கள் எட்டாவது மாடி.

"வெளக்கு வெக்கற நேரத்துல வீட்டுப் பொம்பள மாடியில நிக்கலாமா?"

"இந்த நேரத்துலதான் அத்தை வானம் நீலமா இருக்கு, கீழ லைட்டும் எரியுது. கொஞ்சம் போனா வானம் கறுத்துடும். அப்புறம் கட்டடம் எது வானம் எதுன்னே தெரியாது."

"சாமிக்கும் இந்த நேரந்தான், உனக்கும் இந்த நேரந்தான். ரெண்டு பேர்ல யாரு விட்டுக் குடுக்கறது?"

சிரித்தாள். "சாமிக்கு வருஷம் பூரா உண்டு. எனக்கு இந்த ஒரு மாசந்தானே."

வந்தது வந்தேன், தொட்டி மூடியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் வைத்திருந்தாள். கையால்கூடத் தொடவில்லை. ஒயர் மாதிரி ஒன்றை அழுத்தினாள். 'க்ளிக்' என்றது. பிறகு கோயிலில் நிற்பது போல நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் படத்தைக் காட்டினாள். பெரிய பாலத்தில் அத்தனை வண்டி போகிறதே, படத்தில் ஒன்றுகூட இல்லை. வெள்ளையாக ஒரு ஓடை போகிறது, சிவப்பாக ஒரு ஓடை வருகிறது. அவ்வளவுதான்.

"வண்டிங்க எங்கடி?"

"வேகமா போறது எதுவும் படத்துல நிக்காது அத்தை. அது விட்டுட்டுப் போற வெளிச்சம் மட்டும்தான் விழும்."

"நான் பாலத்துல நடந்து போனா?"

"காணாமப் போயிடுவீங்க."

"நின்னா?"

"அசையாம நின்னா லேசா தெரிவீங்க. ஆனா நீங்க எங்க அசையாம நிப்பீங்க?"

வாய்த் துடுக்கு. குறித்துக்கொண்டேன்.


ஐப்பசி 8, வெள்ளி

158. இன்று எடுத்த படமெல்லாம் நடுக்கம் கண்ட மாதிரி இருக்கிறதாம். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடினால் மாடித் தரையே அதிர்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். மோட்டார் நேரத்தை மாற்றச் சொல்லி எங்கள் கட்டட அசோசியேஷன் செக்ரட்டரியைக் கேட்டுச் சரி பண்ணிவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு வாய்க் காபி வேண்டுமென்றால் வாய் திறக்காதவள்.


ஐப்பசி 10, ஞாயிறு

செக்ரட்டரி பெண்டாட்டி கமலவேணியைப் பற்றி எழுத வேண்டிய வேளை வந்துவிட்டது.

மொட்டைமாடிச் சாவி இவளிடம்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், நான் மாடியில் கூழ் வடாம் பிழிந்து காயப் போட்டிருந்தேன். இரண்டு படி அரிசி. என் வடாமுக்கு மேலே கொடி கட்டி, இவள் அரக்குக் கலர் புதுப் புடவையை நனைத்துப் போட்டாள். சாயம் சொட்டி வடாம் அத்தனையும் ரோஸ் கலர் ஆகிவிட்டது. கேட்டதற்கு என்ன சொன்னாள் தெரியுமா? "கடையில கலர் வடாம்தான் தெய்வானையம்மா இப்ப நல்லா விக்குது." ஆறு பொம்பளைகள் கூட இருந்து சிரித்தார்கள். ஆறு பேர் பெயரும் எனக்குத் தெரியும். அதோடு சரி. அவளோடு நான் பேசுவதில்லை. லிப்டில் அவள் இருந்தால் நான் படியில் இறங்குவேன். முட்டி வலித்தாலும் இறங்குவேன்.

அவள் இன்று சாவி கொடுக்க மாடிக்கு வந்தவள், அப்படியே நின்று படத்தை எட்டிப் பார்த்தாள். "அடேயப்பா! நம்ம ஊரா இது? ஃபாரின் மாதிரி இருக்கே சசி!" என்றாள். கண்ணை அகல விரித்துச் சொன்னாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவ்வளவுதான். ராத்திரியே சசிக்கு ஜலதோஷம், விடாமல் தும்மல்.


ஐப்பசி 11, திங்கள்

மழை. சசிக்குக் காய்ச்சல். கேமராக் கண்ணாடிக்குள் ஈரம் கோத்துக்கொண்டதாம், அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். நான் சொன்னேனா இல்லையா? கமலவேணியின் கண்.


ஐப்பசி 14, வியாழன். தீபாவளி.

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். முறுக்கு நன்றாக வந்தது. சர்க்கரை பார்க்கவில்லை, நல்ல நாள்.

சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தால் ஊரே இல்லை. புகை மூட்டம். எதிர்த் தெரு தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. "இன்னும் ரெண்டு நாளாவது ஆகும் இது கரைய" என்று சசி கைப்பிடிச் சுவரில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் அண்ணன் ஓசூரிலிருந்து போன் பண்ணி வாழ்த்துச் சொன்னான். தங்குவதற்கு ரூம் பார்த்துவிட்டானாம், ஜன்னல் உள்ள ரூமாம். நல்லவன்தான். ஆனாலும் அவன் குரல் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.


ஐப்பசி 17, ஞாயிறு

காலையில் ஒரு பாட்டம் மழை பெய்து புகையெல்லாம் கழுவி விட்டது. வானம் துடைத்து வைத்த மாதிரி. பரங்கிமலை உச்சிவரை தெரிந்தது. "இன்னிக்குத்தான் அத்தை, இன்னிக்கு விழுந்துடும்" என்றாள் சசி.

நானும் என் பங்குக்குத் தயாராக இருந்தேன். ஊர்க்கண் பட்டதைக் கழிக்காமல் எந்த வேலையும் விளங்காது. இரும்புக் கரண்டியில் உப்பு, மிளகாய், மேலே கற்பூரம் வைத்து, முந்தானையில் மறைத்து மாடிக்கு எடுத்துப் போனேன். அவளிடம் சொன்னால் வேண்டாம் என்பாள். அதனால் அவள் வேலை முடியட்டும் என்று தொட்டிக்குப் பின்னால் காத்திருந்தேன். 'க்ளிக்' என்றது. எடுத்துவிட்டாள் என்று கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்து, கேமராவுக்கு முன்னால் நின்று மூன்று சுற்று சுற்றினேன். நன்றாகவே சுற்றினேன்.

"ஐயோ அத்தை!" என்று கத்தினாள் பாருங்கள், கரண்டி சாய்ந்து கற்பூரம் கீழே விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில்தானா அசோசியேஷன்காரர்கள் சுதந்திர தினத்துக்கு வைத்த பேனரைச் சுருட்டிப் போட்டிருக்க வேண்டும்? குபீரென்று பிடித்துக்கொண்டது. சசி தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து ஊற்றுவதற்குள் செக்ரட்டரி படத்தில் மீசை வரைக்கும் கருகிவிட்டது. பிளாஸ்டிக் நாற்றம். வாசனை பிடித்துக்கொண்டு கமலவேணி மேலே வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.


ஐப்பசி 18, திங்கள்

மாடிக்கு யாரும் போகக்கூடாது என்று லிப்டுக்குள் ஒட்டிவிட்டார்கள்.

சசி அந்தப் படத்தைக் காட்டினாள். பாலம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, கிண்டிக் கட்டடங்கள் எல்லாம் இருக்கின்றன. அதற்கு மேலே வானம் அகலத்துக்கு நெருப்பு வளையம், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று. வளையம் நல்ல வட்டமாகத்தான் வந்திருக்கிறது. என்னைக் காணவே காணோம். சுற்றிய கையும் இல்லை.

"க்ளிக்குனு சத்தம் கேட்டப்புறம்தானே வந்தேன்?"

"அது ஆரம்பிக்கற சத்தம் அத்தை. அப்பத்தான் கண்ணத் தொறக்குது. மறுபடியும் ஒரு க்ளிக் வரும், அப்பதான் மூடும்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கணும் நீ."

"ஆமா. சொல்லியிருக்கணும்."

கத்தியிருந்தாள் என்றால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் சாப்பிட்டுத் தூங்கியிருப்போம். அவள் கத்தவில்லை. தட்டில் போட்ட தோசை அப்படியே இருந்தது. எனக்கும் பசி இல்லை. வயிறு மந்தம்.


ஐப்பசி 20, புதன்

வேறு இடம் தேடிப் போனாள். பாலத்து மேலே நின்றால் பஸ் போகும்போதெல்லாம் ஸ்டாண்டு ஆடுகிறதாம். கூட வேலை பார்த்தவள் ஒருத்தியின் வீட்டு மாடிக்குப் போனால், எதிரே நகைக்கடை விளம்பரப் பலகை ஊரையே மறைக்கிறதாம். ஈரக் குடையோடு திரும்பி வந்தாள்.

"நம்ம மாடி மாதிரி எங்கயும் இல்ல அத்தை" என்று மட்டும் சொன்னாள்.


ஐப்பசி 22, வெள்ளி

174. அலமாரியிலிருந்து பெரிய பையை இறக்கிக் கட்டில்மேல் வைத்திருக்கிறாள். அதற்குள் இரண்டு சுடிதார், ஒரு துண்டு. கேமராவைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் வைத்தாகிவிட்டது.

அவள் கடைக்குப் போன நேரத்தில் சுடிதாரை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பைக்குள் என் பித்தளை அண்டா, சொம்பு, குத்துவிளக்கு எல்லாவற்றையும் போட்டு மூடினேன். பித்தளை வைக்க இந்த வீட்டில் வேறு நல்ல இடம் இல்லை. ரொம்ப நாளாகவே எனக்கு அந்தப் பைமேல் ஒரு கண்.

குணா ஷிப்டு முடிந்து வந்து பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பொணம் மாதிரி கனக்குது?" என்றான்.

"ஒன் வேலயப் பாருடா" என்றேன்.


ஐப்பசி 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

கமலவேணி வீடு மூன்றாவது மாடி. அவள் வாசலில் ஒரு சாம்பல் கலர் பூனை எப்போதும் படுத்திருக்கும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கே போய் பூனைக்கு எதிரே நின்றேன். அவள் கதவைத் திறந்துவைத்து, உள்ளே கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவளோடு பேசவில்லை. பூனையோடுதான் பேசினேன்.

"ஏன் பூனையாரே, ஒருத்தி செஞ்ச தப்புக்கு இன்னொருத்திக்குத் தண்டனை குடுக்கறது எந்த ஊர் நியாயம்?"

உள்ளேயிருந்து கமலவேணியும் பூனையிடம் சொன்னாள். "மாடியில நெருப்பு வெச்சா சாவி குடுப்பாங்களாடா கண்ணு? நாளைக்குக் கட்டடமே எரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

"எரிஞ்சது ஒரு பேனரு."

"பேனரா? எங்க வீட்டுக்காரர் மீசை."

"பேனர்ல இருந்த மீசைதானே பூனையாரே. நெஜ மீசை பத்திரமாத்தானே இருக்குது?"

"பேனர்லதான்டா கண்ணு அவருக்கு மீச கறுப்பா இருந்துச்சு."

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பூனை எழுந்தது, சோம்பல் முறித்தது, படியிறங்கிப் போய்விட்டது. இரண்டு பேரும் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் யாரிடம் பேசுவது? நான் கால்மிதியைப் பார்த்தேன். அவள் கீரையைப் பார்த்தாள்.

"பூன போயிடுச்சு" என்றாள் கமலவேணி. "இனிமே நேராத்தான் பேசணும்."

கால்மிதியிடம்தான் சொன்னேன். "வர வெள்ளிக்குள்ள படம் குடுக்கலன்னா அவ ஓசூர் போயிடுவா. அங்க அவளுக்கு யார் இருக்கா? காய்ச்சல் வந்தா மிளகு ரசம் வெச்சிக் குடுக்கக்கூட ஆள் கெடையாது. தனியா ஒரு ரூமாம். ஜன்னல் இருந்தா போதுமா?" அதற்கு மேல் பேச வரவில்லை. மதியம் சாப்பிட்ட அப்பளம் தொண்டையில் சிக்கியிருந்தது.

அவள் கீரையை வைத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அப்பளத்துக்காக வாங்கிக் குடித்தேன்.

"சாவி தரேன் தெய்வானையம்மா. ஆனா நானும் மேல வருவேன். ஒரு வாளித் தண்ணியோட பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன். கற்பூரம், தீப்பெட்டி எதுவும் கூடாது. மடியக் காட்டிட்டுத்தான் ஏறணும்."

மடியைக் காட்டவா! என் மாமியார்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. இதையும் வடாமுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். கால்மிதியிடம்.


ஐப்பசி 25, திங்கள்

மழை.


ஐப்பசி 26, செவ்வாய்

மழை. சசி ஜன்னலை விட்டு நகரவில்லை. கேமராவைப் பரணிலிருந்து இறக்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். "கமலவேணி ஆன்ட்டி எப்படி சாவி குடுத்தாங்க அத்தை?" என்று கேட்டாள். "எனக்கெப்படித் தெரியும்? அவளோடதான் நான் பேசறதில்லயே" என்றேன்.


ஐப்பசி 27, புதன்

மூன்று மணிக்கு மழை விட்டது. ஐந்து மணிக்கு மேகம் கிழிந்து மேற்கே மஞ்சள் தெரிந்தது. மூன்று பேரும் மேலே ஏறினோம். கமலவேணி வாளியோடு வந்தாள், வாசலில் என் மடியைப் பார்த்தாள். உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன், திருப்தியா என்று.

பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு போட்டு எங்களை உட்கார வைத்துவிட்டு சசி சொன்னாள், "ரெண்டு பேரும் எழுந்து நடக்கக் கூடாது. நடந்தா தரை அதிரும். நாற்காலியும் கிரீச்சுனு நகரக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

கீழே ஒவ்வொரு விளக்காக ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தில் ஆபீஸ் விட்ட கூட்டம், ஒரே ஹாரன் சத்தம். மழைத் தண்ணீர் நிறைந்து ஆறு அகலமாக இருந்தது. வானம் ஊதா மாதிரியும் நீலம் மாதிரியும் ஒரு நிறம். நான் இத்தனை வருஷம் அந்த நேரத்தில் பூஜை அறையில் சுவரைப் பார்த்து நின்றதால், இப்படி ஒரு நிறம் தினமும் வந்து போகிறது என்று எனக்குத் தெரியாது.

சசி உடனே எடுக்கவில்லை. மின்சார ரயில் வரட்டும் என்றாள். ரயில் வந்தது, அழுத்தினாள். க்ளிக். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் கமலவேணி என் காதில் கேட்டாள்.

"மூச்சு விடலாமா?"

"விடுங்க. மெதுவா."

"இன்னும் மூடலயா அது?"

"ரெண்டாவது க்ளிக்குக்குத்தான் மூடும். மொத க்ளிக்குல முடிஞ்சிடுச்சின்னு நெனைக்கறவங்க வெவரம் தெரியாதவங்க" என்றேன்.

இரண்டாவது க்ளிக் வந்தது. அந்தப் படத்தில் பஸ் ஒன்று பாலத்து நடுவில் நின்றுவிட்டது, ஆகாது என்றாள். அடுத்ததில் ரயில் வரவில்லை. வானம் கறுக்கத் தொடங்கிவிட்டது. கடைசியாக ஒருமுறை என்று அழுத்தினாள். அழுத்திய பிறகு ரயில் தடதடவென்று ரயில் பாலத்தில் ஏறியது, அதே நேரம் பரங்கிமலைக்கு மேலே மீனம்பாக்கம் ஏரோப்ளேன் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கியது. மூன்று பேரும் பொம்மை மாதிரி இருந்தோம். என் காலில் கொசு கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டேன். மூக்கு அரித்தது, அதையும் விட்டேன்.

க்ளிக்.

சசி குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "வாங்க" என்றாள், குரல் வேறு மாதிரி இருந்தது.

படத்தை என்னவென்று எழுதுவது? கீழே ஆறு கண்ணாடி மாதிரி கிடக்கிறது. ரயில் ஒரு தங்கக் கோடு. ஏரோப்ளேன் வானத்திலிருந்து இழுத்துவிட்ட வெள்ளிக் கோடு. பாலத்தில் வெள்ளை ஓடையும் சிவப்பு ஓடையும். அத்தனை ஜன்னலிலும் வெளிச்சம், ஆனால் ஒரு ஆள் இல்லை. இவ்வளவு இரைச்சல் போடுகிற ஊர், படத்தில் வாயே திறக்கவில்லை.

கமலவேணி "அடேயப்பா" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "சுமாரா இருக்கு" என்று முடித்தாள்.

ஆனாலும் கண் கண்தான். கற்பூரம்தான் கூடாது, நெட்டி முறிக்கத் தடையில்லையே. கேமராவுக்குத்தான் முறிக்கப் போனேன். இருட்டில் கை தவறி சசி முகத்தில் பட்டுவிட்டது. பட்டது பட்டதென்று வழித்து முறித்தேன். பத்து விரலும் சொடக்கு விழுந்தது. அவள் முகம் ஈரமாக இருந்தது, பனி இறங்க ஆரம்பித்திருக்கும்.

கீழே வந்து விளக்கு வைக்க ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. சாமியிடம் காரணம் சொல்லிவிட்டேன்.


ஐப்பசி 29, வெள்ளி

படத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். மற்ற இரண்டு பேரில் ஒருத்தன் பறக்கிற கேமராவில் எடுத்தானாம், இன்னொருத்தன் பெரிய ஸ்டூடியோக்காரனாம். ஒரு வாரத்தில் சொல்வார்களாம்.


கார்த்திகை 5, புதன்

168. போன் வரவில்லை. ஓசூரிலிருந்துதான் வந்தது. திங்கட்கிழமை வந்து சேர முடியுமா என்று அவள் அண்ணன் கேட்கிறான். சசி குளித்துக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். "அவளுக்கு இங்க வேல இருக்கு தம்பி" என்று வைத்துவிட்டேன். இதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு மறதி ஜாஸ்தி.


கார்த்திகை 8, சனி

எடுத்துக்கொண்டார்கள்!

கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். போனைக் காதில் வைத்தபடி சசி அடுப்படிக்கு வந்து, "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளுகிறாள். வலி உயிர் போயிற்று. இவர்களுடைய இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் அவளே எடுத்துத் தர வேண்டுமாம். ஒன்றுக்குக் கடற்கரை, ஒன்றுக்குக் கோயில் கோபுரம்.

உடனே ஓசூருக்குப் போன் போட்டாள். "அண்ணா, நான் வரல" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் கத்தரிக்காய் தீய்ந்துவிட்டது. தீய்ந்ததையே மூன்று பேரும் சாப்பிட்டோம். குணா நன்றாக இருக்கிறது என்றான். அவனுக்கு எப்போதும் நாக்கு கிடையாது.


கார்த்திகை 26, புதன்

ஆஸ்பத்திரி திறந்துவிட்டார்கள். சர்க்கரைக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லி குணாவோடு போனேன். சசி மாமல்லபுரம் பக்கம் கடற்கரை பார்க்கப் போயிருக்கிறாள்.

உள்ளே போனதும் நின்றுவிட்டேன். அம்மாடி! சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் எங்கள் ஊர். ஆற்றில் இறங்கிக் கால் நனைக்கலாம் போல இருக்கிறது. கீழே வரிசையாக நாற்காலி போட்டு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கட்டுப் போட்ட ஒருத்தர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தன் தெருவைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பெண்டாட்டி, "இது ஹெலிகாப்டர்ல எடுத்ததுங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஹெலிகாப்டராவது! எங்க மொட்டமாடிம்மா அது. எடுத்தது என் மருமக. நான் பக்கத்துலயேதான் ஒக்காந்திருந்தேன், கொசுக் கடியில."

"உங்க மருமகளா? எம்மாம் பெரிய படம்!" என்று அவள் எழுந்தே விட்டாள். பக்கத்து வரிசையிலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். ரயில் எது, ஏரோப்ளேன் எது, வண்டிகள் எல்லாம் எங்கே போயின, எல்லாம் சொன்னேன். முதல் க்ளிக், இரண்டாவது க்ளிக் வித்தியாசமும் சொன்னேன். கட்டுப் போட்டவர் கடைசியில் கேட்டார், "பேரு எங்கம்மா போட்டிருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன். இந்த மூலை, அந்த மூலை, கீழே, ஓரம், எங்கேயும் இல்லை. நேராக முன்னால் மேஜைக்குப் போனேன். நீலக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி இருந்தாள், சட்டையில் ஜான்சி என்று குத்தியிருந்தது.

"ஏம்மா, இவ்ளோ பெரிய படத்துல எடுத்தவ பேர் எங்க?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க பாட்டி. சும்மா டெக்கரேஷனுக்குத்தானே."

"ஒன் சட்டையில ஒன் பேரு இருக்குல்ல? அது எதுக்கு, டெக்கரேஷனுக்கா?"

மேலிடத்தில் சொல்வதாகச் சொன்னாள். சொல்ல மாட்டாள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. குணா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். வழியெல்லாம் "விடும்மா, விடும்மா" என்றான். ராத்திரி சசியும் அதையேதான் சொன்னாள். "படம் நிக்குதே அத்தை, அது போதும்." அவளுக்குப் போதும்.

கார்த்திகை 26, புதன்கிழமை, காலை பதினொரு மணி. என் மருமகள் சசிரேகா பெயரைப் போடாமல் விட்டார்கள். டெக்கரேஷன் என்று சொன்ன பெண் பெயர் ஜான்சி. பெரியப்பா, கமலவேணி, அடுத்தது இது.

அடுத்த புதன்கிழமையும் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று குணாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுவருக்குக் கீழே தினமும் எத்தனை பேர் வந்து உட்காருகிறார்கள், யாராவது ஒருத்தர் போய்ச் சொல்ல வேண்டாமா?